பொன்னுத்தாய்க்கு ஒரு முகம்

செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, பொன்னுத்தாயின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அவள் உயிரோடு இருந்தவரை அந்த முகத்தைப் பற்றி எந்த அலுவலகமும் கவலைப்பட்டதில்லை. அதற்காக அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. அவள் மனுக் கொடுத்ததில்லை.

ஆலத்தங்கரையில் ஓர் அறுவடை சமயத்தில், நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டு ஆட்கள் பெரிய வீட்டுக் களத்தில் நின்றார்கள். தடிகள் வந்தன. பொன்னுத்தாய் தலையில் அடிபட்டு அங்கேயே செத்துப்போனாள். அடித்தது யார் என்று வழக்கு முடியும்வரை தெரியவில்லை. முடிந்த பிறகும் தெரியவில்லை. அப்புறம் நில உச்சவரம்புச் சட்டம் இறுகியது. களமும் அதைச் சுற்றியிருந்த நிலமும் உபரி என்றார்கள். பெரிய வீட்டார் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு தலைமுறைக் காலம் அந்த நிலம் வாய்தாக்களாக விளைந்தது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. நிலம் குடும்பத்துக்கு, களம் அரசுக்கு. களத்தில் தியாகி பொன்னுத்தாய் நினைவு மண்டபம். வாசல் கல்வெட்டில் ‘இட உபயம்’ என்று பெரிய வீட்டின் பெயர் மேலேயும், பொன்னுத்தாயின் பெயர் அமைச்சர், ஆட்சியர், ஒப்பந்தக்காரர் எல்லாருக்கும் கீழேயும் செதுக்கப்பட்டது.

மண்டபம் எழும்பி, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி முடித்த பிறகுதான் உள்ளே மாட்டப் படம் இல்லை என்பது தெரிந்தது. பொன்னுத்தாயை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

இப்படித்தான் அந்த வேலை குத்தாலம் கடைத்தெருவில் ‘பிறை கிராபிக்ஸ்’ வைத்திருந்த சேக் தாவூதிடம் வந்து சேர்ந்தது.

தாவூது கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளுக்குப் பெயர்போனவன். நினைவகத் தனி அலுவலர் ஸ்ரீநிவாசனின் மாமியார் இறந்தபோது அவன் செய்த பதாகையைப் பார்த்து, “எங்கம்மா ஒருநாள்கூட இவ்வளவு சாந்தமா இருந்ததில்லையே” என்று அவர் மனைவி தேம்பி அழுதாள். அந்தத் தகுதியில் அவன் தேர்வானான்.

அவனுடைய வேலைமுறை கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். பொறுமையில்லாதவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். சாவு வீட்டுக்காரர்கள் வந்ததும் முதலில் கம்ப்யூட்டர் திரையை அணைப்பான். டீ சொல்லுவான். பிறகு கேட்பான்: “உக்காந்தா எந்தப் பக்கம் சாஞ்சு உக்காருவாங்க? யாராவது கூப்புட்டா ஒடனே திரும்புவாங்களா, கொஞ்சம் நிதானிச்சுத் திரும்புவாங்களா?”

“பாய், நாளைக்குக் காலையில எடுக்கணும். ஃபிளெக்ஸ் எப்ப வரும், அதச் சொல்லுங்க.”

“வந்துரும். தண்ணி குடிச்சா அண்ணாந்து குடிப்பாங்களா?”

பதில்களைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். வந்தவர்களும் வேறு வழியில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அழுகை ஓய்ந்து, பேச்சு ஓய்ந்து, ஒரு மௌனம் வரும். அதற்குப் பிறகுதான் திரையைப் போடுவான். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கச் செய்த காரியங்கள்தான் கடைசியில் வந்து முகத்தில் நிற்கின்றன, அந்தக் காரியங்கள் தெரிந்துவிட்டால் வெளிச்சத்தை எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பது அவன் எண்ணம். நாகூரில் அவன் வளர்ந்த வீட்டுச் சுவரில் ஒரு படமும் கிடையாது. அதனாலோ என்னவோ, முகம் என்றால் அவனுக்கு இன்னும் பழகிப்போகவில்லை. பதாகையில் எங்கேயாவது ஓர் இடத்தை வெறுமையாக விடுவான், பார்க்கிறவன் கண் போய் நிற்பதற்கு. பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ‘துயரத்தில் வாடும்’ என்று எழுதி மைத்துனர்கள் பெயரைப் போடச் சொல்வார்கள். போட்டுக் கொடுப்பான்.

வேலை அவனிடம் வந்த செய்தி கேட்டு அம்சம் கடைக்கு வந்தாள். பொன்னுத்தாயின் ஒரே மகள். நாற்பதைத் தாண்டிய, கறுத்து உயர்ந்த பெண். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“எங்கம்மா படம் நீங்கதான் போடுறீங்களாம்.”

“ஆமாம்மா. உங்களுக்கு அவங்க முகம் ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?”

“எனக்கு அப்ப பல்லே மொளைக்கலையாம், பாய். ஊர்ல எல்லாரும் நீ அப்பன் சாடைன்னுட்டாங்க. சின்னப்புள்ளையில கண்ணாடியப் பாத்துக்கிட்டே நிப்பேன். எங்கப்பா மூஞ்சியில இல்லாதது எது எம்மூஞ்சியில இருக்கோ அது எங்கம்மாவோடதுன்னு தேடுவேன்.” அவள் சிரித்தாள். “ஒண்ணும் மிஞ்சாது.”

தாவூது நாற்காலியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

“ஒரு தடவ பாத்துட்டாப் போதும். அதுக்கப்புறம் சுவத்துல மாட்டுனா என்ன, மாட்டாட்டி என்ன.”

மறுநாள் தாவூது ஆலத்தங்கரைக்குப் போனான். பொன்னுத்தாயோடு ஒரே வரிசையில் நடவு நட்டவர்களில் மிச்சமிருந்தவள் ராசம்மாள். முதுகு வளைந்து கோலூன்றி நடந்தாலும் வாய் வளையவில்லை. அவன் கேட்டதும் அவள் அவனையே விசித்திரமாகப் பார்த்தாள்.

“மூஞ்சியா? மூஞ்சிய யாருய்யா பாத்தா?”

“கூடவே வேல பாத்துருக்கீங்களேம்மா.”

“வெடிஞ்சா வயல்ல குனியிறோம். பொழுது சாயத்தான் நிமிர்றோம். கரையேறுனா பசி. அந்த நேரத்துல அடுத்தவ மூஞ்சிய எவ பாப்பா? நீ பாக்குற வேலையில மூஞ்சிய பாத்துக்கிட்டே இருக்கலாம். எங்க வேலை அப்புடியா?”

“அப்ப எப்படித்தான் அடையாளம் தெரியும்?”

“கையி தெரியும். கொரல் தெரியும். முதுகு தெரியும். அவ குனிஞ்சா அது தனியாத் தெரியும். இங்க பாரு.” ராசம்மாள் கோலைக் கீழே போட்டுவிட்டு வாசலிலேயே குனிந்தாள். இடது முழங்கை தொடையில் ஊன்றி, வலது கை தரையைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் நகர்ந்தது. “இப்புடி. நாங்கல்லாம் முழங்கைய ஊனுனா ஏசுவாங்க. அவளை மட்டும் ஏசல. ஏன்னா அவ ஊனிக்கிட்டும் எங்களுக்கு முன்னாடி போயிருவா. போயிட்டு, ‘வாங்கடி, கரையில மாப்பிள்ள காத்துக்கிட்டிருக்காரு’ம்பா. மணியக்காரனைத்தான் சொல்லுவா. அவன் குடையப் புடிச்சுக்கிட்டு நிப்பான்.”

நிமிர்வதற்கு அவளுக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது.

தாவூது திரும்பி வந்து நெடுநேரம் திரையை அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு செய்தான். நீர் நிறைந்த வயல். ஒரு பெண்ணின் குனிந்த முதுகு. தொடையில் ஊன்றிய முழங்கை. அவளுக்கு முன்னால் நட்டு முடித்த நாற்று வரிசை. பின்னால் இன்னும் நடாத வெறும் தண்ணீர், அதில் வானம். அந்தத் தண்ணீரை மட்டும் அவன் ஒன்றும் செய்யாமல் விட்டான். தன் வாழ்நாளில் தான் செய்த சரியான காரியம் இது என்று அவனுக்குத் தோன்றியது. தியாகிகள் திருவுருவத் தேர்வுக் குழுவின் முதல் கூட்டம் வரை அந்த எண்ணம் நீடித்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஸ்ரீநிவாசன். மக்கள் பிரதிநிதியாக, பக்கத்து ஒன்றியத்தின் கட்சிச் செயலாளர் இராஜாங்கம். அவர் அப்பாவும் பண்ணையாள்தான். வரலாற்று அறிஞராக, பெரிய வீட்டின் வாரிசும் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியருமான நாகேஸ்வரன். இடம் கொடுத்தவர் என்ற முறையில் வரலாறும் அவர் பொறுப்பில் விடப்பட்டது.

ஸ்ரீநிவாசன் படத்தை நேராகப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“முகம் எங்கப்பா?”

“குனிஞ்சிருக்காங்க சார்.”

“நிமிரச் சொல்லு.”

“சார், அவங்க முகத்த யாரும் சரியாப் பாத்ததில்ல. நடவுல பாத்தது இப்படித்தான். ஊர்ல அவங்கள ஞாபகம் வச்சிருக்கிறதே இந்த முதுகைத்தான்.”

“பாய், புரியாமப் பேசாதீங்க” என்றார் இராஜாங்கம். “திறக்க அமைச்சர் வர்றாரு. மாலை போடணும். முதுகுக்கா மாலை போடுவாரு? பொட்டு எங்க வைக்கிறது?”

நாகேஸ்வரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “கலை நோக்கில ரொம்ப நல்லா வந்திருக்கு. நான் மறுக்கல. ஆனா ஒண்ணு. படத்தை மாட்டப்போறது மேற்குச் சுவர்ல. நேர் எதிர்ல விழா மேடை. அப்ப இந்த அம்மா யாருக்கு முதுகைக் காட்டுறாங்க? அதை யோசிச்சீங்களா?”

மற்ற இருவரும் யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க அவர்கள் முகம் வெளிறியது. ‘தியாகி பொன்னுத்தாய் அவர்களுக்கு முகம் உண்டு எனக் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது’ என்று அன்றைய கூட்டத்தில் பதிவாயிற்று.

தாவூது மறுபடி ராசம்மாளிடம் போய் உட்கார்ந்தான். அவள் சொன்ன காரியங்களிலிருந்து ஒரு முகத்தைக் கட்டிப்பார்த்தான். வெயிலுக்குச் சுருங்கிப் பழகிய கண். கேலி பேசுகிற வாய். ஒட்டிய கன்னம். யாரையோ ‘என்னடா?’ என்று கேட்கிற மாதிரி லேசாகத் தூக்கிய தாடை. இது பொன்னுத்தாய்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பொன்னுத்தாய்க்கு இந்த முகத்தின்மேல் கோபம் வராது என்று நினைத்தான்.

இரண்டாவது கூட்டத்தில் முதலில் கன்னம் பரிசீலிக்கப்பட்டது.

“ஏன் இவ்வளவு ஒல்லி?” என்றார் ஸ்ரீநிவாசன்.

“நடவாளு சார்.”

“அது உனக்குத் தெரியும். பாக்குறவனுக்குப் பட்டினின்னு தோணும். நம்ம பக்கம் நெற்களஞ்சியம். நெற்களஞ்சியத்துல ஒருத்தர் ஒல்லியா இருந்தா அது யாரோட தப்பு? ஒரு ரெண்டு கிலோ ஏத்து.”

ஏற்றினான். பிறகு கண்.

“கோவமா இருக்காங்களே, யாரு மேல?”

“கூலி கேட்டு நின்னப்பதானே சார் செத்தாங்க.”

“அது சரி. கோவம் யாரு மேல? படத்துக்குக் கீழ வெளக்கம் எழுதணுமில்ல?”

“அப்ப இருந்த ஆட்சி மேலன்னு எழுதிரலாம்” என்றார் இராஜாங்கம் உற்சாகமாக. “அந்தக் காலத்து ஆட்சியோட அடக்குமுறைன்னு...”

“அந்த வருஷம் யாரு ஆட்சி?”

இராஜாங்கம் விரல்விட்டு எண்ணினார். நடுவிரலுக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“நம்ம ஆட்சிதான்” என்றார் மெதுவாக.

“அப்ப கோவம் வேணாம்” என்றார் ஸ்ரீநிவாசன்.

“கவலையா வச்சுக்கட்டுமா சார்?” என்று தாவூது கேட்டான்.

“கவலைப்படுற மாதிரி அப்ப என்னய்யா நடந்தது?”

“செத்துருக்காங்களே சார்.”

“செத்தது தியாகம். அதுக்கும் கவலைக்கும் என்ன சம்பந்தம்? லேசா ஒரு புன்னகை வை. ரொம்பச் சிரிக்கவும் கூடாது. இப்ப, ஏதாவது ஒரு திட்டத்துல பயனடைஞ்சவங்க சிரிப்பாங்க பாரு, அந்த அளவு.”

புடவை நிறத்துக்கு அன்று பிற்பகல் முழுவதும் போயிற்று. சிவப்பு என்றால் வேறு கட்சி. பச்சை என்றால் எதிர்க்கட்சி. மஞ்சள் என்றால் ஒரு சாதிச் சங்கம் சொந்தம் கொண்டாடும். நீலம் என்றால் இன்னொன்று. வெள்ளை என்றால் விதவை, ஆனால் கணவர் அப்போது உயிரோடு இருந்தார். கறுப்பையும் சிவப்பையும் கரையாகப் போடலாம் என்று இராஜாங்கம் சொன்னார். அதிகாரி என்ற முறையில் அதைத் தான் கேட்கவில்லை என்று ஸ்ரீநிவாசன் சொன்னார். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்தனக் கலர் கண்டுபிடிக்கப்பட்டது. வாயைத் திறந்திருந்தால் கோஷம் போடுவதுபோல் இருக்கும், இறுக மூடியிருந்தால் வாயை அடைத்ததுபோல் இருக்கும் என்பதால், மூடுவதற்குச் சற்று முந்தின நிலையில் அது நிறுத்தப்பட்டது.

தாவூது அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தான். முடிந்ததும் திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கேஸ் அடுப்பு விளம்பரத்தில் இருப்பவள், சுயஉதவிக் குழு துண்டறிக்கையில் இருப்பவள், சொட்டுநீர்ப் பாசன மானியத்தில் இருப்பவள். அவளுக்கு ஒரு துன்பமும் நேர்ந்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

இவ்வளவும் ஆன பிறகு மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: இந்த முகத்துக்கு ஆதாரம் என்ன? தியாகிகளின் படம் அவர்கள் காலத்துப் புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. தேர்தல் தேதி அறிவிக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. அறிவித்துவிட்டால் திறப்புவிழா நடத்த முடியாது. ஸ்ரீநிவாசன் மூன்றாவது கூட்டத்தைத் தலையில் கைவைத்தபடி தொடங்கினார்.

நாகேஸ்வரன்தான் காப்பாற்றினார். பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம். நடுவில் மணமக்கள், சுற்றிலும் உறவினர்.

“ஆலத்தங்கரையில அந்தக் காலத்துல எடுத்த போட்டோ இது ஒண்ணுதான். அவங்க செத்ததுக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி.”

தாவூது படத்தைக் கையில் எடுத்தான். ஓரத்தில், பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு பெண் எச்சில் இலைகளை வாரிக்கொண்டிருந்தாள். குனிந்த முதுகு மட்டும் தெரிந்தது. அதிலும் பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. ஒரு முழங்கை தொடையில் ஊன்றியிருந்தது.

“சார்...” அவன் விரலை அந்த முழங்கைமேல் வைத்தான். “சார், இது யாரு?”

“யாரோ வேலைக்காரி.”

“அந்தக் கல்யாணத்துக்குப் பொன்னுத்தாயி வேலைக்குப் போயிருக்கலாம் சார். இவங்களாவே இருக்கலாம்.”

“இருக்கலாம்கிறதெல்லாம் ஆதாரமாய்யா?” என்றார் ஸ்ரீநிவாசன். “அதுவும் முதுகு. முதுகு விஷயம் முதல் கூட்டத்திலேயே முடிஞ்சுபோச்சு.”

“நான் சொல்ல வந்தது வேற” என்றார் நாகேஸ்வரன். விரலால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைத் தொட்டுக் காட்டினார். அகன்ற நெற்றி, இரண்டு பக்கமும் மூக்குத்தி, பட்டுப்புடவை. “இது எங்க பெரியம்மா, பிரகதாம்பாள். வயசு கிட்டத்தட்ட அதே வயசு. ஊரும் அதே ஊரு. காலமும் அதே காலம். முகத்துல ஒரு தியாகக் களை இருக்கு பாருங்க. எத்தனை பேருக்குப் படியளந்த முகம்! மூக்குத்திய எடுத்துட்டு, நிறத்தைக் கொஞ்சம் குறைச்சா...”

இராஜாங்கம் தொண்டையைச் செருமினார்.

“ஊர்ல அடையாளம் தெரிஞ்சுராதுங்களா?”

“வீட்டைப் பூட்டிக்கிட்டுத் திருச்சிக்குப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. பெரியம்மா போயே ரொம்ப காலம். இப்ப யாரு ஞாபகம் வச்சிருக்கப்போறா? ஒரு தியாகிக்கு எங்க குடும்பத்தால முடிஞ்சதுன்னு வச்சுக்குங்களேன். இடத்தைக் கொடுத்தோம். முகத்தைக் கொடுக்கக் கூடாதா?”

ஸ்ரீநிவாசனின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ரத்தம் ஊறியது. அந்தக் காலத்துப் புகைப்படம் என்ற விதி நிறைவேறிவிட்டது. யாருடைய புகைப்படம் என்று விதியில் இல்லை. “நிறத்தை ரெண்டு ஷேடு குறைப்பா” என்றார் தாவூதிடம்.

“ரொம்பக் கறுப்பாக்கிடாதீங்க” என்றார் நாகேஸ்வரன். “பெரியம்மாவுக்குப் பிடிக்காது.”

“நான் செய்யலைன்னா என்ன சார் ஆகும்?” என்று தாவூது கேட்டான். அதுதான் அந்தக் குழுவில் அவன் செய்த ஒரே எதிர்ப்பு.

“என்ன ஆகும்?” என்றார் ஸ்ரீநிவாசன். “மாயவரத்துல வேற யாராவது செய்வாங்க. இல்ல, தேர்தல் வந்துரும். அப்புறம் ஆட்சி எப்படியோ. இந்த மண்டபம் நெல்லு மூட்டை அடுக்குற குடோனாயிரும். அந்தப் பொண்ணு பாவம், அம்மாவப் பாக்கணும்னு தவமாத் தவம் கெடக்கு.”

கடைசி வாக்கியம் அவனைப் பிடித்துக்கொண்டது. கடைக்கு வந்து திரையை அணைத்து உட்கார்ந்தான். அம்சம் தன் அம்மாவைப் பார்த்ததே இல்லை. பார்க்காதவளுக்கு எந்த முகமும் அம்மா முகம்தான். ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கு ஒரு முகம் இருக்கட்டும். இப்படித் தனக்குள் பேசிப் பேசி ஒரு சமாதானத்துக்கு வந்தான். ஒவ்வொரு சாவு வீட்டுக்காரனிடமும் அத்தனை கேள்வி கேட்கிறவன், அம்சத்திடம் அவளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. அவளிடம் கேட்டதெல்லாம் செத்தவளைப் பற்றித்தான்.

மூக்குத்திகளை எடுத்தான். அவை இருந்த துளைகளைத் தூர்த்தான். காதுத் தோட்டைக் கழற்றினான். பட்டைச் சந்தனக் கலராக்கினான். நிறத்தைக் குறைத்தான். புன்னகையை மட்டும் தொட வேண்டியிருக்கவில்லை. பிரகதாம்பாளுக்கு அது இயல்பாகவே தேவையான அளவில் இருந்தது.

திறப்புக்கு முன் படத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று உத்தரவு. அம்சம் அதற்குள் இன்னொரு முறை வந்தாள். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முடிஞ்சிருச்சாமே.”

“முடிஞ்சிருச்சு. காட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா.”

“காட்ட வேணாம். சாடையாச் சொல்லுங்க. மூக்கு எப்படி?”

“நல்ல மூக்கு.”

“எம்மூக்கு மாதிரியா?”

தாவூது அவளைப் பார்த்தான். “இல்ல.”

“நல்லவேளை” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “நெத்தி?”

“அகலம்.”

“அப்புடியா...” அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “சிரிக்கிறாங்களா?”

“லேசா.”

அவள் போன பிறகு அவன் அன்றைக்கு வந்த இரண்டு சாவுக்கும் கேள்வி கேட்காமலே பதாகை போட்டுக் கொடுத்தான். வேகமாக முடித்ததற்காக இரண்டு வீட்டாரும் பாராட்டினார்கள்.

திறப்புவிழாவுக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்சத்தை உட்கார வைத்திருந்தார்கள். புதுப்புடவை. பக்கத்தில் ராசம்மாள். தாவூது பின்னால் தூணோரம் நின்றான். அமைச்சருக்கு வேறு வேலை வந்துவிட்டதால் அவருக்குப் பதில் அவருடைய வாழ்த்துச் செய்தி வந்திருந்தது. அதற்கு மாலை போட்டார்கள்.

நாகேஸ்வரன் பேசினார். “வர்க்கம், மோதல் இதெல்லாம் நேற்றைய சொற்கள். இன்று இந்த மண்டபத்தில் நிலம் உடையவர், நிலம் உழுதவர் என்ற பேதமே இல்லை. அவர்கள் யார், நாங்கள் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஒன்றாகிவிட்டோம். இந்தத் திருவுருவமே அதற்குச் சாட்சி.” கைதட்டினார்கள். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று நான்கு பேருக்குத்தான் தெரியும்.

ஸ்ரீநிவாசன் பேசும்போது, குழு கன்னத்துக்காகவும் கண்ணுக்காகவும் எவ்வளவு பாடுபட்டது என்பதை விளக்கினார். பிறகு குரலை உயர்த்தினார்: “தியாகியின் வாரிசைக் கைவிடலாமா? விடமாட்டோம்! திருமதி அம்சம் அவர்களை இந்த மண்டபத்தின் துப்புரவுப் பணியாளராகத் தினக்கூலி அடிப்படையில் நியமித்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்.” இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

இராஜாங்கம் கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

கூட்டத்தின் பின்பகுதியில், வயதானவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு முனகல் எழுந்து மெதுவாக முன்னால் வந்தது. மக்கள் வெள்ளத்தின் உணர்ச்சிப் பெருக்கு என்று மறுநாள் பத்திரிகையில் அதைப் போட்டிருந்தார்கள். “அடியே...” என்று ராசம்மாள் அம்சத்தின் தொடையைக் கிள்ளுவதைத் தாவூது பார்த்தான்.

அம்சம் அதற்குள் எழுந்துவிட்டாள். யாரோ அதட்டியதுபோல் நாற்காலியைவிட்டுச் சட்டென்று எழுந்தாள். செருப்பைக் கழற்றிக் காலால் ஓரம் தள்ளினாள். முன்றானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுவழியிலிருந்து விலகிச் சுவரோரம் போய், தலையைக் குனிந்து நின்றாள். புதுப்புடவையும் நரைத்த தலையுமாக நின்ற அந்தப் பெண் அந்த நிமிஷத்தில் எட்டு வயதுச் சிறுமிபோல் இருந்தாள்.

“அம்மா, அப்படியே இருங்க! அப்படியே!” என்று போட்டோக்காரர்கள் ஓடினார்கள்.

இராஜாங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். “பெத்த தாய மொத மொதல்ல பாக்குற மகளோட நெலையப் பாருங்கய்யா! என்னா பணிவு! என்னா மரியாதை!”

கூட்டம் கலைந்த பிறகு தாவூது அவளைத் தேடிப் போனான். மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். அவன் சற்றுத் தள்ளி நின்றான். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

“நீங்க பெரிய வீட்டுல வேல பாத்தீங்களா?” என்று கடைசியில் கேட்டான்.

“எங்கம்மா செத்ததும் எங்கப்பாவால என்னைய வச்சுக்க முடியல. வெவரம் தெரிஞ்சதுலேருந்து அங்க, படத்துல இருக்குற அந்தம்மாகிட்டதான். சாணி அள்ள, வாசக் கூட்ட.”

“எனக்குத் தெரியாதும்மா.”

“நீங்க கேக்கலையே, பாய்.” அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் வேற ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். மொதல்ல செஞ்சது. ராசம்மா சொன்னத வச்சு. கொண்டாந்து காட்டுறேன்.”

அம்சம் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

“வேணாம், பாய். இனிமே எந்த மூஞ்சியக் காட்டுனாலும் இது யாரு வீட்டு ஆளுன்னுதான் தேடுவேன்.”

மண்டபத்துக்குள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டீக் கோப்பைகளும் மாலைச் சருகும் தரையெல்லாம் கிடந்தன. அவள் எழுந்து முன்றானையைச் செருகினாள்.

“நாளையிலேருந்து வெள்ளன வந்து கூட்டிறணுமாம், ஆபீசரு வர்றதுக்கு முந்தி” என்றாள். “அந்தம்மாவும் அப்படித்தான் சொல்லும்.”